என் மவுத்பீஸைக் கெடுத்தவர்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கொல்லிமலைப் பேருந்தில் நான் வாந்தி எடுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது உண்மை. மரங்களைப் பற்றி ஏறியிருந்த மிளகுக் கொடிகளைக் கூர்ந்து கவனிப்பதற்காகவே நீட்டினேன். பக்கத்து இருக்கை அம்மையார் தம் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்து பாருங்க சாமி, சரியாப் போயிரும்" என்று கொடுத்தார். ஒருவர் அன்போடு தருவதை மறுப்பது பண்பன்று என்பதால் வாங்கிக்கொண்டேன். இறங்கும்வரை அதை மூக்கிலிருந்து எடுக்காததற்குக் காரணம், பழத்தின் மணம் உயர்வாக இருந்ததுதான்.

மடியில் சாக்ஸபோன் பெட்டி. நடத்துநர் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க? உசுரோட இருக்குதுங்களா?"

"இசைக்கருவி" என்றேன்.

"அப்பச் சரி. போன மாசம் ஒருத்தரு இப்பிடித்தான் பொட்டியில கீரிப்பிள்ளையக் கொண்டாந்துட்டாரு."

திருச்சியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசிப்பது என் மாலை நேரப் பழக்கம். எங்கள் குடியிருப்பின் சிறு சபாவில் ஆண்டுவிழாத் தொடக்கக் கச்சேரி வழக்கமாக என்னுடையது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை விழா. நான் மலையேறியது புதன்கிழமை. இடையில் இருந்த நாள்களுக்குள் என் மவுத்பீஸ் பிழைத்தாக வேண்டும்.

இந்தச் சபா மலரை வாசிக்கும் எல்லாரும் சாக்ஸபோன் ஊதியவர்கள் அல்லர் என்பதால் சிறிது விளக்குகிறேன். மவுத்பீஸ் என்பது வாயில் வைத்து ஊதும் முனை. கறுப்பு எபோனைட்டால் ஆனது. அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின்மேல் ரீடு என்னும் மெல்லிய நாணல் தகட்டை வைத்துக் கட்டுவோம். நுனியை நெருங்க நெருங்க இரண்டு ஓரங்களும் மெல்ல வளைந்து ரீடைவிட்டு விலகும். அந்த விலகல் இரு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் சங்கீதம் வரும். ஒரு பக்கம் முடியளவு தாழ்ந்துவிட்டாலும் என்னவெல்லாமோ வரும். என்னுடையதில் மேல் சட்ஜத்தைத் தொட்டால் பசியெடுத்த கன்றுக்குட்டியின் குரல் வந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று சபாவில் கேட்டார்கள். "பழுது பார்க்கக் கொடுத்தேன், கெடுத்துவிட்டான்" என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். சென்ற ஆண்டுதான் அதே மேடையில் 'எபோனைட்டின் வேதியியல்' என்று உரையாற்றி, மவுத்பீஸில் யாரும் தாமாகக் கைவைக்கக் கூடாது என்று எச்சரித்து, பொன்னாடையும் பெற்றிருந்தேன்.

மலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது டீக்கடைக்காரரும் பெட்டியைப் பற்றிக் கேட்டார். அவரிடமும் அதே கதையைச் சொன்னேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, தெரியாத வேலைய எதுக்குங்க தொடறான் அவன்? அந்தாளு மட்டும் என்ர கடைக்கு வரட்டும். சொட்டு டீ குடுக்க மாட்டேன். ஊருக்கே டீ ஊத்துவேன், அவனுக்கு இல்ல."

அவருடைய நீதியுணர்வைப் பாராட்டிவிட்டு டீயைக் குடித்தேன். சற்றுச் சூடாக இருந்தது.

கொல்லிமலையில் நான் தேடிவந்தவர் ஜெசிந்தா என்னும் அம்மையார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வகப் பணி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். பகலெல்லாம் மலைமக்களின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காய்ச்சல் என்னவென்று சொல்வார். பணி முடிந்தபின் வீட்டில் மவுத்பீஸ்களைக் கையாலேயே தேய்த்துச் சீராக்குவார். அவருடைய அண்ணன் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்தவராம். அவருக்காகத் தொடங்கிய வேலை. தபாலில் அனுப்பினால் ஏற்க மாட்டார். ஊதுகிற ஆளும் கூடவே வரவேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது, சுகாதார நிலையத்தை ஒட்டிய தம் குடியிருப்பு வாசலில் நின்றிருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். காப்பி கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் என்று தொடங்கினேன்.

"சரி சார்" என்றார். மவுத்பீஸை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். மூடுபனி சன்னலுக்கு வெள்ளையடித்தாற்போல் நின்றது. "இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு வெளிச்சம் வேணும். பல்பு வெளிச்சத்துல பொய் சொல்லும்."

"எது பொய் சொல்லும்?"

"மவுத்பீஸுதான் சார்" என்றார். "வேற யாரு?"

தங்குவதற்கு வெள்ளையண்ணன் என்பவரின் வீட்டில் ஓர் அறை ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளையண்ணன் மிளகும் மரவள்ளியும் பயிரிடுபவர், அறுபதைத் தாண்டியவர், ஓய்வென்பதே இல்லாமல் உபசரிப்பவர். இரவு சாமைச்சோறும் கீரைக்குழம்பும். திருச்சியில் என் மருத்துவர் சாமையைச் சீட்டில் எழுதித் தந்தபோது நான் முகம் சுளித்ததுண்டு. இங்கே மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன். அதன்பின் பலாப்பழம். மறுநாள் காலை மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும், பின்னர் மீண்டும் பலாப்பழம். "போதும்" என்ற சொல்லை நான் எவ்வளவு தெளிவாக உச்சரித்தாலும் அந்த வீட்டில் அதற்கு "இன்னும் நாலு சுளை" என்றே பொருள் கொண்டார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் பனி சிறிது விலகியது. ஜெசிந்தா சன்னலோரம் ஒரு தடித்த கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் மவுத்பீஸைக் கவிழ்த்து, இடுக்கில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைச் செலுத்தினார். மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அதே தகடுகள். இடப்பக்கம் சென்ற தகடு வலப்பக்கம் செல்லவில்லை. பிறகு தம் சொந்தப் பழைய நுண்ணோக்கியின் கீழே மவுத்பீஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் வெள்ளையண்ணனும் பெஞ்சில் அமர்ந்திருந்தோம்.

"எந்தப் பாவி சார் இதத் தேய்ச்சது?"

"திருச்சியில் ஒருவன்" என்றேன்.

"கண்ணாடி மேல வச்சுத் தேய்க்கல. சமமில்லாத கல்லு மேல உப்புத்தாளப் போட்டுத் தேய்ச்சிருக்கான். அம்மிக்கல்லோ, அடுப்பாங்கரைக் கல்லோ. அதுவும் முரட்டு உப்புத்தாளு. கதவு தேய்க்கிறதுக்கு வாங்கி மிச்சமிருந்திருக்கும்."

கதவு தேய்க்க வாங்கி மிச்சமிருந்ததுதான். நான் நுண்ணோக்கியின் தயாரிப்பைப் பற்றி விசாரித்தேன்.

வெள்ளையண்ணன் விடுவதாக இல்லை. "அவனுக்கெல்லாம் மரவள்ளித் தோலு உரிக்கக்கூடக் கத்தியக் கையில குடுக்கக் கூடாதுங்க. என்னங்க சாமி, நாஞ் சொல்றது?"

"கூடாதுதான்" என்றேன்.

"படிப்பு கிடிப்பு இல்லாதவனா இருப்பானுங்க."

"இருக்கலாம்."

"இல்லண்ணே" என்றார் ஜெசிந்தா, கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமலேயே. "படிச்ச ஆளுதான். படிக்காதவன் பத்துத் தேய்ப்புல பயந்து நிறுத்திருவான். இது எரநூறு தேய்ப்பு. தனக்கு எல்லாம் தெரியும்னு நம்புற ஆளு."

பின்னர் அவர் விஷயத்துக்கு வந்தார். ஓர் ஓரம் தாழ்ந்திருக்கிறது. அடிப்பரப்பு முழுதும் சாய்ந்ததால் தாழ்ந்ததா, ஓரம் மட்டும் தேய்ந்ததால் தாழ்ந்ததா என்று தெரிய வேண்டும். தேய்த்தவர் வலக்கைக்காரர் என்றால் அடிப்பரப்பைச் சரிசெய்ய வேண்டும்; இடக்கைக்காரர் என்றால் ஓரத்தை. எபோனைட் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு திருத்தத்துக்குத்தான். தவறான இடத்தில் தொட்டால் மவுத்பீஸைக் குப்பையில்தான் போட வேண்டும்.

"அந்த ஆளுக்குப் போன் பண்ணி, எந்தக் கையால தேய்ச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

போனுக்குச் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கம் சில நேரம் கிடைக்கும் என்றார். வெள்ளையண்ணன் தம் மொபெட்டில் அழைத்துப் போவதாக எழுந்தார். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றேன். "அதெப்பிடிங்க உங்களத் தனியா உடறது" என்று வண்டியை எடுத்துவிட்டார். சாலை முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். மூன்று திருப்பங்களில் என் கால்சட்டை முள்வேலியை உரசியது. நான் அந்த ஆளிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் சுற்றுலாக் குடும்பங்கள் மிதிபடகுகளில் சுற்றிக்கொண்டிருந்தன. போனைக் காதில் வைத்தேன். வெள்ளையண்ணன் நான்கடி தள்ளி, மிகுந்த மரியாதையோடு, என்னைப் பார்த்தவாறே நின்றார்.

"ஹலோ! நான் பேராசிரியர் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் நிறைந்த அமைதி. "உமக்கு வெட்கமாக இல்லையா? தெரியாத தொழிலில் தலையிட உமக்கு உரிமை தந்தது யார்?" பேசப்பேச வேகம் வந்துவிட்டது. கல்லூரியில் வினாத்தாள் கசிந்தபோதுகூட யாரையும் நான் அவ்வளவு கண்டித்ததில்லை. வயதுக்கேற்ற பொறுப்பில்லை என்றேன். அகந்தை என்றேன். ஒரு மிதிபடகு மிதிப்பதை நிறுத்திக் கரையருகே மிதந்து வந்தது. கடைசியில், "எந்தக் கையால் தேய்த்தீர்?" என்று கேட்டுச் சற்று நிறுத்தி, "வலக்கையா? சரி, வையும் போனை" என்று முடித்தேன்.

ஏன் வலக்கை என்றேன்? எழுதுவதும் டம்ளர் பிடிப்பதும் எனக்கு இடக்கை. மேலும் சொல்லத் தேவையில்லை.

"நல்லாக் கேட்டீங்க சாமி" என்றார் வெள்ளையண்ணன். வழியில் நிறுத்தி எனக்கு ஒரு மலைவாழைப்பழம் வாங்கித் தந்தார். திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகைப்படுத்துவதாக நினைப்பார்கள். பலாப்பழத்தாலும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஜெசிந்தா விடுப்பு எடுத்திருந்தார்; வெள்ளையண்ணனும் என்னோடு வந்து பெஞ்சில் அமர்ந்தார். கண்ணாடிப் பலகையின்மேல் உப்புத்தாளை விரித்து நான்கு மூலைகளையும் ஒட்டினார். மவுத்பீஸை மூன்று விரல்களில் பிடித்தார்.

"வலது கைதானே சார்?"

"அப்படித்தான் சொன்னான்."

"அப்ப அடிப்பரப்புதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருக்க தேய்ச்சாச்சுன்னா ஒட்ட வைக்க முடியாது."

"யோசிக்க என்ன இருக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே சபா மைக்கில் கேட்பதுபோல் கேட்டது.

அவர் மவுத்பீஸை உப்புத்தாளின்மேல் வைத்தார். தோளைத் தாழ்த்தி முதல் தேய்ப்புக்குக் கையை நகர்த்தினார்.

"இடக்கை!" என்று கத்திவிட்டேன். பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"போன்ல வலதுன்னு சொன்னாரே?"

"பொய் சொன்னான்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் சார்?"

அறையில் மூன்று பேர். வெளியே ஒரு சேவல். என் வாழ்நாளில் வாய்மொழித் தேர்வில் எத்தனையோ மாணவர்களை இதே நிலையில் நிறுத்தியிருக்கிறேன்.

"நான்தான் அது" என்றேன். "என் வீட்டு அடுப்படிக் கல்லில். மனைவி கோயிலுக்குப் போயிருந்தபோது."

ஜெசிந்தா கையை எடுத்தார். கண்ணாடிமேல் ஒட்டியிருந்த உப்புத்தாளின் ஒரு மூலையை நகத்தால் உரித்து எனக்குக் காட்டினார். சொரசொரப்பான பக்கம் கீழே இருந்தது. இத்தனை நேரமும் மவுத்பீஸ் வெறும் காகித முதுகின்மேல்தான் இருந்திருக்கிறது.

"முத நாளு காப்பி டம்ளர வாங்கும்போதே தெரியும் சார்" என்றார். "ஆனா டம்ளர இடது கையில பிடிக்கவங்க எல்லாம் மவுத்பீஸத் தேய்க்கவங்க இல்லைல்லா? அதான் கேட்டேன்."

"தெரிந்திருந்தும் எதற்காக..."

"யாரோ ஒருத்தன் தலையில பழியப் போட்டீங்கல்லா. அவனும் இதே தொழில் பாக்கவன்தானே? அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒருக்க தேய்ச்ச கை சும்மா இருக்காது. நான் சரிபண்ணிக் குடுத்தாலும், ஊருக்குப் போயி, இன்னும் ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சா இன்னும் நல்லாருக்குமோன்னு தோணும். வாய்விட்டுச் சொல்லியாச்சுன்னா தோணாது."

நான் வெள்ளையண்ணனைப் பார்த்தேன். ஏரிக்கரையில் நடந்த தொலைபேசி உரையாடலுக்கு அவர் ஒருவரே சாட்சி. அவர் கூரையைப் பார்த்தார்.

"மூணு நாளா கரண்டு இல்லீங்க சாமி" என்றார் மெதுவாக. "டவரும் படுத்துக் கெடக்குது. மலையில ஒருத்தரு போனும் பேசாதுங்க. அதோட நீங்க அவ்வளவு நேரம் அந்தாள வஞ்சீங்களா... பாவமா இருந்துச்சுங்க."

"யாரைப் பார்த்து?"

"ரெண்டு பேரையுந்தானுங்க."

அதன்பின் வேலை தொடங்கியது. உப்புத்தாள் இம்முறை சரியான பக்கம் மேலே. அதுவும் என்னுடையதைப்போல் முரடாக இல்லை. தடவினால் பட்டுத்துணிபோல் இருந்தது. ஜெசிந்தா தேய்ப்பார், தேய்ப்புகளை வாய்விட்டு எண்ணும் பணி எனக்கு. "ஒன்று, இரண்டு" என்று நான் கணீரென்று எண்ண, ஏழில் நிறுத்திவிட்டார். துடைத்தார். கண்ணாடிமேல் வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் இடுக்கைப் பார்த்தார். மீண்டும் நான்கு. மீண்டும் வெளிச்சம். இருநூறு தேய்ப்பில் நான் சாதித்ததை அவர் மூன்று மூன்றாக, இரண்டு இரண்டாக, கடைசியில் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தார். ஒரு தேய்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே சில சமயம் ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரம் ஆனது. கந்தக வாடை எழுந்தது. அதன் வேதியியலை விளக்கலாமா என்று ஒருகணம் எண்ணி, விளக்காமல் இருந்தேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் அது எனக்குப் புதிய அனுபவம்.

மாலையில் குடியிருப்பு முற்றத்தில் ஊதினேன். மருந்து வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மோகனத்தில் மெல்ல ஏறினேன். மேல் சட்ஜத்தை நெருங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ராக பாவத்துக்காக அல்ல, பயத்தினால். சட்ஜம் வந்தது. சுத்தமாக, நேராக வந்து நின்றது. கன்றுக்குட்டி போய்விட்டிருந்தது.

"இந்த ஒரு சத்தத்துக்குத்தானுங்களா இம்புட்டும்?" என்றார் வெள்ளையண்ணன்.

"இதற்குத்தான்."

"நல்லாத்தானுங்க இருக்குது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா, ஏரிக்கரையில இதவிடக் கூட்டஞ் சேந்துச்சுங்க."

ஜெசிந்தா, ரத்தப் பரிசோதனை முடிவு எழுதுவதுபோல, ஒரு தாளில் எழுதித் தந்தார். சபா உறுப்பினர்கள் பார்வைக்காக அப்படியே தருகிறேன். நோய்: ஓரம் தாழ்வு. காரணம்: உரிமையாளர். கை: இடது. பத்தியம்: ஆயுள் முழுதும் உப்புத்தாளைத் தொடக் கூடாது.

சனிக்கிழமை காலை வெள்ளையண்ணன் ஒரு முழுப் பலாப்பழத்தோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். மறுத்துப் பயனில்லை. ஒரு பக்கம் சாக்ஸபோன், மறுபக்கம் பலா. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் இரண்டில் ஒன்று என் மடியைவிட்டு நழுவியது. நான் இரண்டு முறை பலாவை விட்டுவிட்டேன். மிளகுக் கொடிகளை இம்முறை பார்க்கவில்லை.

முள்ளுக்குறிச்சியில் அடுத்த பேருந்துக்கு அரைமணி இருந்தது. மறுநாள் சபா மேடையில் சொல்ல வேண்டியதை எங்காவது ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முன்பின் அறியாதவர்கள் நடுவே சொல்வது எளிது என்றும் எண்ணினேன். அது தவறான எண்ணம்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க சாமி! சரியாப் போச்சுங்களா?"

"சரியாகிவிட்டது."

"அந்தக் கெடுத்த ஆளு யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

பெஞ்சில் இருந்த மூவரும் நாளிதழைத் தாழ்த்தினார்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"தெரிந்தது. அது நான்தான். உங்களிடம் அன்று நான் சொன்னது பொய்."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பலாப்பழத்தைப் பார்த்தார். பாலில் போடவிருந்த கரண்டியை வெளியே எடுத்துத் துடைத்து மேலே மாட்டினார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க" என்றார். "உங்களுக்கு டீ கெடையாது."

"நியாயம்தான்" என்று சொல்லி, பெஞ்சின் ஓரத்தில் முதுகை நிமிர்த்தி அமர்ந்தேன். அவர் மற்ற மூவருக்கும் டீ கொடுத்தார். கண்ணாடி டம்ளர்களைக் கழுவினார். என் பக்கம் திரும்பவேயில்லை. பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்றுநேரத்தில் என் முன்னால் டங்கென்று ஒரு டம்ளர் வந்து நின்றது. கறுப்பாக, ஆவி பறக்க இருந்தது.

"சுக்குக் காப்பி" என்றார் கடைக்காரர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "டீதானே குடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

இடக்கையால் எடுத்துக் குடித்தேன்.